அமெரிக்காவுக்குப் போக வேண்டிய முகம்

என் சிநேகிதிக்குப் படிப்பில் இருந்த பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. இதை அவள் எதிரில் சொன்னால், "போடி, உனக்குச் சோம்பல், அதான் அப்படித் தெரியுது" என்பாள். அதுவும் உண்மைதான்.

முப்பதுகளின் தொடக்கம். நாங்கள் இருவரும் கடற்கரையோரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் ரசாயனம் படித்தோம். எங்கள் வீடு மயிலாப்பூர் மாடவீதியில். அவள் வீடு கச்சேரி ரோட்டுப் பக்கம், பள்ளிவாசலுக்குப் பின்னால். அவளுடைய அப்பாவுக்கு, அவள் வாயில் அத்தாவுக்கு, பெரியமேட்டில் தோல் மண்டி இருந்தது. தினமும் திரை போட்ட ஜட்காவில் வருவாள். கல்லூரிக்குள் நுழைந்ததும் புர்காவைக் கழற்றி மடித்து வைப்பாள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள். தமிழ்ப் பண்டிதர் ஒருவர்தான் ஆண். அவர் வகுப்புக்கு மட்டும் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்வாள். பண்டிதருக்குக் கண் மங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்றே என்று நான் கேலி செய்தால், "அவருக்குக் கண்ணு தெரியுதா இல்லையாங்கறது அவர் விஷயம். இது என் விஷயம்" என்பாள். அதற்குமேல் அவளிடம் வாயைக் கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் கீழைநாட்டுப் பெண்களுக்கென்று உதவித்தொகையோடு சில இடங்கள் வைத்திருப்பதாக எங்கள் பேராசிரியை ஒருநாள் வகுப்பில் சொன்னார். சீனா, ஜப்பான் என்று எங்கிருந்தெல்லாமோ எழுதிப் போடுவார்கள். பல்கலைக்கழகத்தார் பொறுக்கி எடுப்பார்கள். நான் கேட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தேன். அவள் அன்றைக்கே விண்ணப்பத்தாள் கேட்டு எழுதிப் போட்டுவிட்டாள்.

தாள் வந்தது. பாதிரியாரின் நற்சான்று கேட்டிருந்த இடத்தில், "பாதிரியார்" என்பதை அடித்துவிட்டு இமாம் என்று எழுதி, பள்ளிவாசல் இமாமிடமே சான்று வாங்கி இணைத்தாள். கடைசியில் ஒரு போட்டோ கேட்டிருந்தார்கள், முகம் தெளிவாகத் தெரியும்படி. அங்கேதான் வண்டி நின்றது.

அவள் அத்தா கடுமையான மனுஷரே இல்லை. "எவ்ளோ வேணும்னாலும் படிம்மா. கப்பல்ல போறதுன்னா மாமாவும் மாமியும் கூட வருவாங்க. ஆனா அன்னிய ஆம்பள எதிர்ல உக்காந்து மூஞ்சிய காட்டணும்னா மட்டும் வேணாம்" என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "எனக்கும் அது இஷ்டமில்லைடி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

என் அண்ணா ஒரு யோசனை சொன்னான். "உன் போட்டோவையே ஒட்டி அனுப்பிடு. அவாளுக்கு நாம எல்லாரும் ஒண்ணுதான். யார் கண்டுபிடிக்கப் போறா?" இதை அவளிடம் போய்ச் சொன்ன எனக்குக் கிடைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. "அங்க போய் நிக்கப் போறது என் மூஞ்சி. பொய்யைச் சொல்லிச் சேர்ந்து என்னத்தைப் படிக்கிறது?" என்றாள்.

அப்புறம் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். அண்ணாவிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. நான் எடுத்தால் யாருக்கு என்ன ஆட்சேபம்? நான் எடுப்பதற்கு அத்தாவும் சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, முற்றத்து வெளிச்சத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கே சமைத்ததை நான் தொடமாட்டேன் என்று எனக்காகத் தனியாக வாங்கி வைத்திருந்த மலைவாழைப்பழத்தைத் தின்றுகொண்டே, ஏதோ பெரிய போட்டோக்காரி மாதிரி முகத்தைத் திருப்பு, மோவாயைத் தூக்கு என்று அதிகாரம் பண்ணினேன். ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்தேன். கர்வமாக வீட்டுக்கு வந்தால், அண்ணா கையை நீட்டினான்.

"குடு, ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவிண்டு வந்துடறேன்."

நான் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கழுவுகிறவனும் ஆண்தானே. ரசாயனப் பரீட்சையில் மார்க்கு வாங்குகிற இரண்டு மேதைகள் வாரக்கணக்கில் திட்டம் போட்டிருக்கிறோம், ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாரத் தபால் கப்பலைத் தவறவிட்டால் அவளுக்கு அந்த வருஷம் போய்விடும்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். "கழுவறதுன்னா என்ன? ரசாயனம்தானே?" என்றாள்.

அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இருவரும் ஒரே பாடம்தான் படித்தோம். எனக்கு அது பரீட்சைக்கு. அவளுக்கு அது கையில் இருந்தது. நூலகத்தில் புத்தகம் தேடிப் படித்தாள். பேராசிரியையிடம் அனுமதி கேட்டு, ஆய்வுக்கூடத்திலிருந்து வேண்டிய மருந்துகளை எடை போட்டு வாங்கினாள். அவள் வீட்டில் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று உண்டு. கதவிடுக்குகளில் துணியை அடைத்து, லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றி, புளிவாசனைக்கு நடுவே பீங்கான் தட்டுகளைப் பரப்பினோம். பிலிமை ஒரேயடியாகப் போடாமல் துண்டு துண்டாக வெட்டினாள். முதல் துண்டு கரியாகிப் போனது. அவள் மருந்தில் தண்ணீரைக் கூட்டி அடுத்த துண்டைப் போட்டாள். அதில் அவள் தலையே இல்லை, அது என் கைவரிசை. அதற்கடுத்த துண்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் எழும்பி வந்தது.

ஈரத்தோடு அதை வெளியே கொண்டுவந்தபோது அத்தா கூடத்தில் இருந்தார். அனுப்பலாம் என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் உறையைப் பிரிக்கிறவன் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அவள் மறைக்காமல் பிலிமை அவரிடமே நீட்டினாள். மண்டியில் தோலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பாராம். அப்படியே இதையும் முற்றத்துப் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாம்மா, தலையெல்லாம் நரைச்சுக் கீது?"

"பிலிம்ல அப்படித்தான் அத்தா. கறுப்பு வெள்ளையாவும் வெள்ளை கறுப்பாவும் விழும்."

அவர் பிலிமைக் கீழே இறக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளைத் தலையோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் அவர் மகள்.

"இப்படி நரைச்ச வயசுல உன்ன பாக்க நான் இருக்கமாட்டேன்னு நெனச்சேன்" என்றார். "பாத்துட்டேன். நீ இப்ப எப்படி இருக்கேன்னு அவங்க பாத்துட்டுப் போறாங்க, அனுப்பு."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

வெயிலில் வைத்து அச்சுப் போட்டு, கப்பலுக்கு முன்பே அனுப்பிவிட்டோம். அவளுக்கு இடம் கிடைத்தது. அச்சு அமெரிக்காவுக்குப் போயிற்று. பிலிமை அத்தா கேட்டு வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். கடைசிவரை அதைத் திருப்பித் தரவில்லை.

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன மாதம் அவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். புர்காவை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் வெள்ளைத் தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.