தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

வேலை மாற்றலில் செஞ்சிக்கு வருகிறேன். இன்று பஜாருக்குப் பின்தெருவில் ஒரு போர்ஷன் பார்த்தேன். வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கியது.

"ஒத்தப் பொண்ணா இருந்தாலும் இங்க பயமே கெடையாதும்மா" என்றார் வீட்டுக்கார அக்கா. ஜன்னல் கம்பியையும் வாசல் இரும்பு கேட்டையும் ஆட்டிக் காட்டினார்.

படுக்கையறையில் இன்னொரு கதவு இருந்தது. தள்ளினேன், திறந்துகொண்டது. அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு ஹால். டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் தாழ்ப்பாளே இல்லையேக்கா?"

"எங்க பக்கம் இருக்குதும்மா. நீ இன்னா மாதிரி ஆளுன்னு எங்களுக்குத் தெரியாதில்ல?"

நியாயம்தான்.

இவ்வளவு பெரிய கோட்டை இருக்கிற ஊர். என் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உள்ள வாடகை வீடு தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.