பைலின் தலையில் நாலு வரி

டி.டி.பி. வேலையில் கண்ணும் இடுப்பும் பின்னால்தான் போகும். முதலில் போவது பொறுமை. அடுத்தவர் எழுதியதை அடித்துக்கொடுத்துப் பிழைத்தவர் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் கோவை ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பட்டுக்கடைக்கு மாடியில் எங்கள் சென்டர். நாங்கள் அடித்த பைலில் எல்லாமே வெறும் எழுத்துதான். தலையில் மட்டும் நாலு வரி: தாள் அளவு, ஓர இடம், எழுத்து அளவு, வரி இடைவெளி. அங்கே ஒரு எண்ணை மாற்றினால் புத்தகம் முழுக்க மாறிவிடும். இதை வந்தவருக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும்.

கனம் போதாது

செந்தில் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். தென்னைநார்க் கழிவைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ந்து தீசிஸ் கொண்டுவந்தார். அது முடிந்தால்தான் நிச்சயதார்த்தம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் அப்பா தொண்டாமுத்தூரில் தோப்புக்காரர். முடிந்ததா என்று பார்க்க அவரே படியேறி வந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் பிரின்ட்டைக் கையில் ஏந்தி, தேங்காயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தார். மெலிசாக இருக்கிறதே என்று முகம் சுருங்கியது.

மனுசன் மனசு நோகக்கூடாதே என்று வரி இடைவெளியை இரண்டாக்கினேன். அவர் காபி குடித்து, பேப்பர் முழுக்கப் புரட்டி முடிப்பதற்குள் புத்தகம் இரண்டு பங்காகிவிட்டது. புதுசாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். ஒரு எழுத்துகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் செந்திலை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, ஒண்ணுமே சேக்காம இத்தன பெருசாச்சுன்னா, உள்ளுக்குள்ள என்னதானுங்க இருக்குது?”

பாதி எங்கே?

செந்திலின் கைடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அத்தனை பெரியதை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதாம். எழுத்தையும் இடைவெளியையும் குறைத்தேன். கைடுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். செந்தில் யோக்கியர், ஒத்துக்கொள்ளவில்லை. யோக்கியம் அவருக்கு, அவஸ்தை எனக்கு. அடுத்த வாரம் தோப்புக்காரர் வந்து மெலிந்ததைத் தூக்கிப் பார்த்தார். நிச்சயதார்த்தத்தை ஆடிக்கு அப்புறம் யோசிக்கலாம் என்றார்.

“போன வாரம் இருந்த பாதிப் படிப்பு எங்கீங்க போச்சு?”

ஏழரை

கல்யாணமே கைவிட்டுப் போகிறதே என்று செந்திலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சாப்பிடப் போன நேரம் என் நாற்காலியில் உட்கார்ந்து, தடிமனுக்கும் மெலிசுக்கும் நடுவாக ஓர் அளவு கொண்டுவரப் பார்த்திருக்கிறார். பதற்றத்தில் இடது ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் போடவேண்டிய இடத்தில் ஏழரை விழுந்துவிட்டது. திரும்பிவந்தால் பிரின்டர் கக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில் ஒற்றை எழுத்தாகத் தோரணம் தொங்குகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செந்தில் அந்தக் குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இப்ப மாமாவுக்குக் கனம் போதுமுங்களா?”

பொண்ணு வந்தாள்

தோப்புக்காரர் சலித்துப்போனார். படித்தவள் நீயே போய்ப் பார், சரியில்லை என்றால் விட்டுவிடலாம் என்று மகள் கலைச்செல்வியை அனுப்பினார். செந்தில் வியர்த்துப்போய் மூலையில் நின்றார். அவள் தடிச்சதையும் மெலிஞ்சதையும் பொறுமையாகப் படித்து, இரண்டும் ஒன்றுதான் என்றாள். வந்தவர்களில் படித்துப் பார்த்தது அவள் ஒருத்திதான்; எனக்கு அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்புறம் திரையில் அந்த நாலு வரியைக் காட்டச் சொன்னாள். இது உங்கப்பா சொன்னது, இது கைடு சொன்னது, கீழே இருப்பது மட்டும்தான் செந்தில் எழுதியது என்றேன். மேலே செந்தில் சொன்னது ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். இல்லை, அவர் போட்ட ஒரு ஏழரையையும் நான் எடுத்துவிட்டேன் என்றேன். திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்ப இவரே இருக்கட்டுங்க அக்கா, மேல நாலு வரிய நான் போட்டுக்கறேன்.”

கல்யாணப் பத்திரிகையையும் எங்கள் சென்டரிலேயே அடித்தோம். எழுத்து அளவை மாப்பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.