ரைட்டக்கா பூமிக்கு அடியில் இறங்கினாள்

பேருந்தில் வருடக்கணக்காக ‘ரைட், ரைட்’ என்று குரல் கொடுத்ததால் அந்த நடத்துநருக்கு ரைட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய பேருந்து நிற்கும் முச்சந்தியில் அந்தக் காலத்தில் முதலில் குதிரைவண்டிகள் நின்றன. அப்புறம் டிராம் வந்தது. டிராமைத் துரத்திவிட்டுப் பேருந்து வந்தது. சுரங்க ரயிலுக்காகத் தோண்டியபோது தாருக்கு அடியில் டிராம் தண்டவாளம் கிடைத்தது, அதற்கும் கீழே ஒரு கூடை லாடம். தோண்டியவர்கள் பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றி மாற்றி வைத்ததில், பயணிகளைத் தேடிப் பிடிப்பதே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. வெறுத்துப்போய்ச் சுரங்க நிலைய உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டாள். கிடைத்துவிட்டது.

அதே பேருந்தின் ஓட்டுநர்தான் அவள் கணவர். “விசில் அடிச்சா நிக்கிற மனுஷன்னுதான் கட்டிக்கிட்டேன்” என்பாள். அவள் வேலை மாறியதில் அவருக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

“எலி வளைக்குள்ள ஓடுற வண்டி. அதுல நான் கால் வைப்பேனா?”

“வைக்காதீங்க. யாரு கூப்பிட்டா?”

திறப்பு நாளில் கூட்டம் நெரிந்தது. நகரும் படிக்கட்டைப் பார்த்து எல்லாரும் மிரண்டு நின்றார்கள். ரைட்டக்காவுக்குப் பழக்கதோஷம். “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்றாள்.

“படியில நிக்காம வேற எங்கம்மா நிக்கிறது?” என்றார் ஒரு பெரியவர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் குலுங்கிச் சிரித்ததில் தொப்பி கழன்று விழுந்து, முதல் பயணியாகக் கீழே இறங்கிப் போயிற்று. அதைப் பிடிக்கவென்று நாலு பேர் ஏற, பின்னால் எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

மதியம் மேலே அடைமழை. ஓட்டுநர் தொப்பலாக நனைந்து, பயணிகளோடு இறங்கி வந்தார்.

“பஸ் தண்ணியில நின்னுடுச்சு. மெக்கானிக் பாத்துட்டு இருக்கான். இவங்களை ஏத்திவிடத்தான் வந்தேன்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

ஏற்றிவிட்டவர் தானும் ஏறிக்கொண்டார். வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்க ரயிலிலிருந்து குதித்து இறங்கினார்.

“பிரேக் போட்டதே தெரியல. ஒரு குழி இல்ல, குறுக்க ஒரு மாடு இல்ல. இரு, அந்தக் கடைசியையும் பாத்துட்டு வந்துடறேன்.”

மறுபடியும் போய்விட்டார். அதற்குள் பணிமனை மேலாளர் அவளுக்கு போன் செய்தார். “பஸ் ரெடிம்மா. உங்க வீட்டுக்காரர் எங்க?”

“பூமிக்கு அடியில இருக்கார் சார்.”

மறுமுனையில் மேலாளர் நாற்காலியை விட்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு தழுதழுத்த குரலில், “எப்பம்மா?”

“சாப்பாட்டுக்கு அப்புறம் சார். ரெண்டு தடவை.”

அதற்குள் லைன் போய்விட்டது. துக்கம் விசாரிக்க நாலு ஓட்டுநர்கள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாலையில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். செத்தவர் எதிரே வந்து நின்று, சுரங்க ரயிலைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னார். எழுதிய விடுப்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று நாலு பேரும் நேரே நிலையத்துக்குப் போனார்கள்.