திரையில் நான் வரைந்த ஜன்னல்

ஒரு விண்ணப்பத்தில் குறை இருந்தால், இன்ன குறை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். விண்ணப்பித்தவர் தரப்பைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் குறை நீங்காவிட்டால்தான் நிராகரிக்கலாம். எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான விதி இது. பணியில் இருந்த காலம் முழுக்க இதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான். சில சமயம் கடைப்பிடித்தும் இருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் சம்பவம் சில வருடங்களுக்கு முன் கோவையில் தொடங்கியது. கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் என் நடைமுறை அறிவைப் பயன்படுத்திக்கொள்ள ஆளில்லை. சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்த ஒரு யோசனை முன்வைத்தேன். என் மனைவி அதைப் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, எங்கள் தெருமுனையில் நடந்த கணினி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்.

அங்கே படங்களைத் திருத்தும் மென்பொருள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பாடம், பளபளப்பான கணினித் திரை ஒன்றை வரைவது. முனை மழுங்கிய செவ்வகம் ஒன்று. மேலிருந்து கீழாகக் கறுப்பு வெளுத்துக்கொண்டே வர வேண்டும். அதற்குள் நீலத்தில் இன்னொரு செவ்வகம். அதன் மேல்பாதியில் வெள்ளையாக ஒரு வளைவு போட்டு, அந்த வெள்ளையை முக்கால்வாசி மங்கச் செய்தால் போதும், கண்ணாடி போலப் பளபளத்துவிடும். ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது மாதிரி. எதை வேண்டுமானாலும் தனியாக மறைக்கலாம், திரும்பக் காட்டலாம். சொன்ன வரிசையில் செய்தால் சொன்ன பலன் கிடைத்தது. நடைமுறை என்று ஒன்றைப் பின்பற்றி அப்படிப் பலன் கண்டது எனக்குப் புதிய அனுபவம்.

பக்கத்து இருக்கையில் கிணத்துக்கடவுக்கு அருகிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண்மணி ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். தென்னை நார் மில் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தன் ஊரிலேயே ஒரு சேவை மையம் தொடங்கி, சான்றிதழ் விண்ணப்பங்கள், மின் கட்டணம் போன்ற வேலைகளை ஊர்க்காரர்களுக்குச் செய்துகொடுப்பது அவர் திட்டம். வேறு திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கடை பார்த்துவிட்டார், பழைய கணினி ஒன்றும் வாங்கிவிட்டார். அனுமதிதான் பாக்கி.

கடையின் பெயர்ப்பலகைக்கு ஒரு கணினித் திரை வரைந்து தர முடியுமா என்று என்னைக் கேட்டார். வகுப்பில் என்னைவிட வேகமாக வேலை செய்பவர் அவர். அவரே வரைந்திருக்கலாம். வயசானவருக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று நினைத்திருப்பார் போல.

நான் அதை முழு மூச்சோடு செய்தேன். பாடத்தில் சொன்ன பளபளப்பு எனக்குப் போதவில்லை. திரை ஒரு அறையில் இருப்பதாகத் தோன்ற வேண்டுமென்று, கண்ணாடியில் ஒரு ஜன்னல் பிரதிபலிப்பதுபோல் வரைந்தேன். நான்கு பாகம் கொண்ட ஜன்னல், குறுக்குக் கம்பிகளோடு, லேசாகச் சாய்ந்து, மங்கலான வெள்ளையில். ஜன்னல் விஷயத்தில் என்னிடம் யாரும் குறை காண முடியாது. அகலத்துக்கு உயரம் எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். படத்தைப் பார்த்து அந்தப் பெண்மணி, கையை வைத்தால் ரேகை விழும்போல இருக்கிறது என்றார். வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். பலகை வெயிலில் வெளுக்காமல் இருக்குமா என்று கேட்டார்.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்மணி கலங்கிய முகத்தோடு வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கைப்பேசியில் ஒரு வரி வந்திருந்தது. காரணம், கள ஆய்வில் முரண்பாடு. கடிதமும் இல்லை, விசாரணையும் இல்லை. விதி தெரிந்த ஒருவன் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

அங்கிருந்தவர்கள் மிக மரியாதையானவர்கள். உட்காருங்க என்றார்கள், டீ சாப்பிடறீங்களா என்றார்கள், பாத்துக்கலாமுங்க என்றார்கள். இந்த 'பாத்துக்கலாமுங்க'வை நானே வருடக்கணக்கில் சொல்லியிருப்பதால் அதன் பொருள் எனக்குத் தெரியும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆய்வு அறிக்கையைக் காட்டினார்கள். அதில் இப்படி இருந்தது: 'புகைப்படத்தில் கணினித் திரையில் பிரதிபலிக்கும் ஜன்னல் மேற்படி இடத்தில் காணப்படவில்லை. எனவே புகைப்படம் வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.'

பக்கத்தில் என் படம். ஜன்னலைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

ஜன்னல் குறைந்ததற்காக எத்தனையோ வரைபடங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் கூடிப்போனதற்காகத் திருப்பப்பட்ட காகிதத்தை அன்றுதான் பார்த்தேன்.

கணினியின் புகைப்படம் இணைக்க வேண்டிய இடத்தில் என் படத்தை ஏன் இணைத்தார் என்று அந்தப் பெண்மணியைக் கேட்டேன். அவர் சொன்னார். "நீங்க அத்தனை பாடுபட்டு வரஞ்சு குடுத்தீங்க. அத உட்டுப்போட்டு என்ற கீறல் உழுந்த பொட்டிய எப்படிங்க சார் போட்டோ எடுத்துப் போடறது? உங்களுக்கு மரியாதை இல்லீங்களே."

எனக்குச் செய்த மரியாதையில் அவர் பிழைப்பே போய்விடும்போல இருந்தது. கோபப்படவும் வழியில்லை.

ஆய்வு செய்தவரையே பார்த்தோம். நிதானமான மனிதர். அது புகைப்படம் அல்ல, நான் வரைந்தது என்றேன். அவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வரஞ்சது இத்தனை தத்ரூபமா இருக்காதுங்க சார்" என்றார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கலை விமர்சனம் அது. அதைத்தான் நான் மறுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

காரணம் இருந்தது. வேறு இடத்தின் படத்தைக் கொடுத்தார் என்றால் அது மோசடி. மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. வெறும் ஓவியத்தைக் கொடுத்தார் என்றால், உரிய இணைப்பு இல்லை என்ற சாதாரணக் குறை, சரிசெய்து கொடுக்கலாம். ஆகவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு மேலிருந்த அதிகாரியின் மேசையில் வைத்துக் கோப்பைத் திறந்தேன். ஜன்னல் இருந்த லேயரை மறைத்தேன். ஜன்னல் போய்விட்டது. மறுபடி காட்டினேன், வந்துவிட்டது. அதிகாரி இன்னொரு தரம் செய்யச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். பிறகு பளபளப்பு முழுவதையும் மறைத்தேன். நீலம் பூசிய பலகை ஒன்று மிஞ்சியது. "இப்பத்தானுங்க வரஞ்சதாட்டத் தெரியுது" என்றார் ஆய்வாளர். என் கலைவாழ்வு அத்தோடு முடிந்தது.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். மேற்படி கடையில் ஜன்னல் எதுவும் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை, படத்தில் காணப்படுவது கற்பனையே என்று தெளிவாக வாசகம் அமைத்து, அந்தப் பெண்மணி விண்ணப்பதாரராகவும் நான் சாட்சியாகவும் கையெழுத்திட்டோம். மறு ஆய்வுக்கு வருவதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு கவலை. கடையின் சொந்தக்காரர் ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. ஒரு நாள் நாங்கள் கடையில் இருந்தபோது வந்தார். "ஏனுங்க அம்மணி, பேக்கரிக்காரரு கடை வேணும்னு கேட்டு வந்திருந்தாருங்க" என்றார். அந்தப் பெண்மணியின் முகம் வாடியது. தோப்புக்காரர் அதற்குமேல் எதுவும் சொல்லாமல், வாரனுங்க என்று போய்விட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் காலி செய் என்று சொல்லமாட்டார்கள். பேக்கரிக்காரர் வந்தார் என்பார்கள். அப்படித்தான் நான் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். அனுமதி தாமதமானால் கடையும் போய்விடும் என்று அந்தப் பெண்மணியிடம் எச்சரித்தும் வைத்தேன்.

மறு ஆய்வு என்று தகவலில் குறித்திருந்த நாளன்று காலை நானும் போயிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் காற்று அடித்தது. பக்கவாட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது.

நல்ல ஜன்னல். நான்கு பாகம், குறுக்குக் கம்பிகள். சுற்றிலும் சிமென்ட் பூச்சு. அதன் வழியாகத் தென்னை மரங்கள் தெரிந்தன. அந்தப் பெண்மணி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். இரண்டு நாள் ஊரில் இல்லையாம், அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாராம். அன்று காலை வந்து ஷட்டரைத் தூக்கியபோதுதான் பார்த்திருக்கிறார்.

ஒருபோதும் இருந்ததில்லை என்று நான் எழுதிய வாசகம் அலுவலகத்தில் இருக்கிறது. என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் அதன் கீழே இருக்கின்றன. ஆய்வாளரோ பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தார் தோப்புக்காரர், கையில் இளநீரோடு. ஆய்வாளர் உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து கோப்பை எடுத்து நான் எழுதியதைப் படித்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். இதற்கு எந்த விதியைச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு விதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது எப்போது வைத்தது என்று ஆய்வாளர் கேட்டார். தோப்புக்காரர் தயங்கவே இல்லை.

"முந்தாநேத்துதானுங்க ஆரம்பிச்சது. பூசி முடிச்சது இன்னைக்கு வெடியக்காலையிலீங்க. என்ன கொறைன்னு இந்த அம்மணிகிட்டக் கேட்டனுங்க. ஜன்னல் இல்லைன்னு திருப்பிட்டாங்கன்னு சொல்லுச்சு. ஒரு ஜன்னல் இல்லாததுக்கு ஒரு பொம்பளைப் புள்ள பொழப்பு நிக்கலாமுங்களா? அதான் ஆளக் கூட்டியாந்து செவுத்த இடிச்சுப் போட்டனுங்க. இது பத்துங்களா, இன்னொண்ணு வேணுங்களா?"

ஆய்வாளர் ஜன்னலருகே போய்ப் பூச்சைக் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளே இன்னும் ஈரம் இருந்தது; விரல் பதிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "போதுமுங்க" என்றார். பிறகு உட்கார்ந்து எழுதினார். ஜன்னல் அண்மையில் புதிதாக அமைக்கப்பட்டுள்ளது, பூச்சு உலரவில்லை, எனவே மனுவில் கூறியபடி முன்பு ஜன்னல் இருந்ததில்லை என்பது உறுதியாகிறது. நான் பக்கம் பக்கமாக எழுதி நிரூபித்ததைவிட அந்த ஈரச் சிமென்ட் சுருக்கமாக நிரூபித்துவிட்டது.

கணினியை அவரே புகைப்படம் எடுத்தார். கீறல் விழுந்த கண்ணாடித் திரையில் ஜன்னல் பிரதிபலித்தது. நான் வரைந்ததுபோல் நேர்த்தியாக இல்லை. ஒரு பக்கம் வளைந்து, பாதி வெயிலில் கரைந்து, நடுவே தோளில் துண்டும் கையில் இளநீருமாகத் தோப்புக்காரரும் விழுந்திருந்தார். வேறொன்று எடுக்கலாமா என்று கேட்டேன். இதுவே இருக்கட்டும் என்றார் ஆய்வாளர். இளநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

அதன் பிறகு நான் தோப்புக்காரரிடம் பேக்கரிக்காரர் விஷயத்தைக் கேட்டேன். கடை அம்மணிக்குத்தான் என்று அப்போதே சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்று அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். பேச்சை ஆரம்பித்ததும் எங்கள் முகம் மாறியதைப் பார்த்து, என்னவோ தப்பாகப் பேசிவிட்டோம் போல என்று மீதியைச் சொல்லாமலே போய்விட்டாராம்.

ஒரு குறை என்று காகிதம் வந்தால், அது எந்த வகைக் குறை, யார் பொறுப்பு, எந்தப் பிரிவின் கீழ் வரும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அந்த அறிவால்தான் அன்று அலுவலகத்தில் ஒரு வாசல் திறந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குறை இன்னதென்று கேட்ட உடனே, தன் சுவர் என்றும் பாராமல் இடித்த ஒருவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவர் செய்தது தேவையே இல்லாத வேலை, அதுவும் எல்லாவற்றையும் கெடுத்திருக்கக்கூடிய வேலை. அப்படியும், இந்த விவகாரத்தில் யார் செய்ததை நான் செய்திருக்க ஆசைப்படுகிறேன் என்று கேட்டால், அவருடையதைத்தான் சொல்வேன்.

வைகாசியில் கொடுத்த மனு அது. நானும் மனைவியும் கொடுமுடியில் காவிரியில் குளித்துக் கரையேறிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி போனில் அழைத்து, அனுமதி வந்துவிட்டது என்றார். இன்றும் யாராவது என்னிடம் ஒரு சிக்கலைச் சொன்னால், விதியைச் சொல்ல வாய் திறக்கும் முன், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று ஒரு தரம் கேட்டுவிடுகிறேன். அந்த மனுவுக்குப் பதில் வந்தது ஆடிப் பதினெட்டு அன்று.