சுறாவின் டாக்டரம்மா

திருவந்திபுரத்தில் ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. என் கை மாட்டுக்குள் இருந்ததால், மாட்டுக்காரரே போனை எடுத்து என் காதில் வைத்தார். டாக்டர் தமயந்தி அவர்கள் சிதம்பரத்தில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார்கள் என்றது மறுமுனை. கையை வெளியே எடுக்கவும் தோன்றாமல் நின்றேன். "என்னா சார், செனை இல்லியா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு அவர்கள் தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவார்கள். நானும் டாக்டர்தான், ஆனால் மாட்டு ஆள். பூனையை ஒரு நோயாளியாக நினைத்ததே இல்லை. அவர்கள் வந்த பிறகுதான் ஆடுகளுக்கு நடுவே பூனைக் கூடைகளும் வரிசையில் சேர்ந்தன. "பூனைக்குமா மேடம் வைத்தியம்?" என்று சீண்டினால், "அதுக்கும் ரெண்டு கிட்னிதான் சார்" என்பார்கள்.

ஒரு நாள் கடலோரக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் அஞ்சலை தன் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். பெயர் சுறா. உடம்பெல்லாம் சண்டைத் தழும்பு. சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்ததாம். ரத்தத்தைச் சோதித்ததில் இரண்டு கெட்ட செய்திகள். சிறுநீரகம் வெகுவாகப் பழுதாகியிருந்தது. கடிபட்டால் பூனைக்குப் பூனை பரவி, எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் வைரஸும் இருந்தது.

அஞ்சலையின் கணவர் பயந்துவிட்டார். "நமக்கும் ஒட்டிக்கும். சாக்குல போட்டு பண்ருட்டி மார்க்கெட்டாண்ட உட்டுட்டு வந்துடுறேன்."

"மனுசங்களுக்கு இது வரவே வராது. பண்ருட்டிக்குப் போனா மட்டும் கிட்னி சரியாயிடுமா? அங்க பலாப்பழமா திங்கப் போவுது?" என்றார்கள் டாக்டர்.

நான் டாக்டரைத் தனியே அழைத்து, குணமாகாத கேஸ், எதற்கு வீண் சிரமம் என்றேன். அவர்களுக்குக் கோபம் வந்தது. "குணமாகாதுன்னு எனக்கும் தெரியும் சார். அதுக்காக இன்னிக்குத் தண்ணி ஏத்தக் கூடாதா?"

"ரத்தத்துல உப்பு ஜாஸ்தி" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டு சலைன் பாட்டிலை எடுத்தார்கள். அஞ்சலை டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தின்றீங்க, உப்புத்தண்ணியே ஏத்துறீங்களே டாக்டரம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு வரவில்லை. "நீ கேக்கறது சரிதாம்மா. அது சாப்புடுற உப்பு இல்ல, ரத்தத்துல தங்கிப்போன கழிவு. கிட்னியால தள்ள முடியல. இந்தத் தண்ணி உள்ள போனாதான் அது வெளிய போவும்."

அன்றிலிருந்து அவர்கள் யாரிடமும் உப்பு என்று சொன்னதில்லை. கழிவு என்றுதான் சொன்னார்கள்.

தோலுக்கடியில் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்ற அஞ்சலைக்கே கற்றுக்கொடுத்தார்கள். வஞ்சிரத்தைத் துண்டு போடும் கை மெல்ல ஊசிக்கும் பழகியது. சுறாவுக்கு இனி தெருச் சண்டை கிடையாது, கருவாடும் கிடையாது. மீன்காரர் வீட்டுப் பூனைக்கு இது பெரிய அநியாயம்தான். மாலை ரயிலில் ஏறியதும் டாக்டர் போன் செய்வார்கள்: "சுறா சாப்டுச்சா?" மீனைக் கேட்கிறார்களா, ஆளைக் கேட்கிறார்களா என்று பெட்டியில் இருப்பவர்கள் விழிப்பார்கள். சாப்பிடாத நாட்களும் வந்தன. "நாளைக்குச் சாப்புடும், தண்ணிய நிறுத்தாத" என்பார்கள். சாப்பிட்டது. இன்றும் சாப்பிடுகிறது.

சிதம்பரத்தில் அவர்களைத் தூக்கும் நேரத்தில் அஞ்சலை மாலையோடு ஓடிவந்தார். துக்கத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. "ஏம்மா, இப்பத்தான் வர்றியா?"

"சுறாவுக்குத் தண்ணி ஏத்திட்டு வந்தேன் சார். ஏத்தாம வந்திருந்தா, எழுந்து உக்காந்து திட்டிருப்பாங்க."

அதுவரை கல்லாக நின்ற டாக்டரின் கணவர் அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

போய் வாருங்கள், மேடம். சுறாவுக்கு இன்றைக்குத் தண்ணி ஏத்தியாச்சு.