பந்துக்கு வைத்த பொட்டு

திருநகர் தாண்டி ஒரு கல்லூரியில் எங்கள் ஆய்வகம். அங்கே நாங்கள் செய்த கருவி இதுதான்: ராக்கெட்டின் மூக்கிலிருந்து ஒரு மடக்குக் கம்பி வெளியே விரியும், அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் தங்கமுலாம் பூசிய பந்து. வானத்தின் மேலடுக்கில் எம்புட்டு எலக்ட்ரான் அலைகிறது என்று அந்தப் பந்துதான் சொல்ல வேண்டும். அதன்மேல் விரல்ரேகை பட்டால்கூட அளவு தப்பும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால் ஆய்வகம் முழுக்கச் சந்தன வாசம். பம்ப்புக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு, யூபிஎஸ்ஸுக்கும் பொட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பந்துக்கும் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

வைத்தவர் என்னோடு முனைவர் பட்டம் வாங்கிய நண்பர். கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று பெட்டியில் எழுதி ஒட்டியவரே அவர்தான். கையுறை போட்டுக்கொண்டுதான் பொட்டு வைத்தாராம்.

“எல்லாத்துக்கும் வச்சுட்டு இத மட்டும் விட மனசு வரல மாப்ள. மேல போகப் போறது இதுதேன?”

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் கருவி ஏவுதளத்தில் இருக்க வேண்டும். தவறினால் ராக்கெட்டில் எங்கள் இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஆல்கஹாலில் கழுவி, வெற்றிடக் கலனில் சூடாக்கி, சோதித்து, திருப்தி வராமல் மறுபடியும் கழுவினேன். அவர் உதவிக்கு வந்தபோது பக்கத்தில் விடவில்லை. மடக்குக் கம்பியாவது என் அலமாரியில் பூட்டிக் கிடந்ததால் தப்பித்ததே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ராக்கெட் ஒழுங்காகத்தான் கிளம்பியது. மேலே போனதும் ஸ்பிரிங் சிக்கி, கம்பி விரியவில்லை. உள்ளேயே மடங்கிக் கிடந்த பந்து ஓர் எலக்ட்ரானைக்கூடப் பார்க்கவில்லை. திரையில் வெறும் நேர்கோடு ஓடியது.

ஊர் திரும்பினோம். கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவர் மெல்லச் சொன்னார்.

“அந்தக் கம்பிக்கு மட்டுந்தேன் மாப்ள பொட்டு வைக்கல. அலமாரி பூட்டியிருந்துச்சு.”

ஸ்பிரிங் சிக்கியதற்கும் பொட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது இன்னொரு ராக்கெட்டில் இடம் கிடைத்திருக்கிறது; புதுக் கம்பியும் பந்தும் செய்துவிட்டோம். இந்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் கிளம்பும்போது அலமாரிச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். பந்தை மட்டும் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.