எல்லைக் கல்லில் உட்கார்ந்தவர்

அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலை ஏறிய பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் இறங்கிப் போய், வனத்துறையின் எல்லைக் கல்லில் உட்கார்ந்து, ஷூ மண்ணை அதிலேயே அழுத்தித் தேய்த்தார். எந்த எல்லைக் கல்லைப் பார்த்தாலும் அப்படித்தானாம். நரைத்த தாடி. ஐரோப்பாவில் சரித்திரப் பேராசிரியர். தேசியவாதத்தையும் எல்லையோர மக்களையும் ஆராய்கிறவர்.

"இந்த மலையில பொறந்துட்டு அந்த ஆராய்ச்சி எதுக்கு சார்?" என்றேன்.

"எங்கப்பா சாமை வெதச்ச கொல்லையில இந்த மாதிரி கல்லு நட்டாங்க. இன்னான்னு கேட்டதுக்கு, 'நீ காட்டுக்காரனா, நாட்டுக்காரனா? மொதல்ல அத சொல்லு'ன்னாரு ஆபீசரு. 'நான் இந்த ஊருங்க'ன்னாரு அப்பா. கொல்லை போச்சு. ஐரோப்பாவுலயும் எல்லைக் கோடு கிழிச்சவன் இதத்தான் கேட்டான், அந்த சனமும் எங்கப்பா சொன்னதத்தான் சொல்லிச்சு. கேட்டவன் ஒருத்தனையும் நான் எழுதாம உடல."

"அந்த ஆபீசரு?"

"ரிட்டையராயி செங்கத்துல வூடு கட்டிக்கினு சொகமா இருக்காரு. பக்கத்து மனைய வாங்கிட்டேன். அவரு வாசப்படி என் மனைக்குள்ள வருது. நாளைக்குக் கல்லு நடுறேன்."

செங்கம் போகும்போதெல்லாம் வாசற்படி இடித்த வீடு ஒன்றைத் தேடுகிறேன். இன்னும் கண்ணில் படவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.